மதுரைச் சீமையில் வாத்தியக் குழுவை நடத்தும் கலை: ஆர்மோனியத்திலிருந்து இசையேடு வரை

மேனாட்டு இசையரங்கில் நாற்பது ஐம்பது வாத்தியக்காரருக்கு எதிரே, தாம் ஒரு வாத்தியமும் இசைக்காமல், கையிலுள்ள சிறு கோலொன்றால் காலத்தையும் பாவத்தையும் வகுத்துக் கொடுத்து நிற்கும் நடத்துநர் என்னும் பதவி தமிழகத்துச் சங்கீத மரபில் தனியே இருந்ததில்லை. கச்சேரியில் பாடகரே தலைவர். மேளத்தில் நாயனக்காரரே தலைவர். இதைக் கொண்டு, பலர் கூடி இசைப்பதை நெறிப்படுத்தும் வித்தையே நமக்குச் சினிமாவின் வழியாக வந்த இரவல் பொருளென்று முடிவு கட்டுவோர் உண்டு. மதுரை நகரையும் அதைச் சூழ்ந்த சமவெளியையும் சென்ற நூறாண்டுக் கால அளவில் நோக்குமிடத்து அம்முடிவு நிலைபெறவில்லை. நாடகக் கொட்டகையில் தோன்றி, அரசியல் மேடையில் பழகி, சென்னை ஒலிப்பதிவுக் கூடத்தில் எழுத்து வடிவம் பெற்ற அவ்வித்தையின் வரலாற்றை, இளையராஜா அவர்களின் வாழ்க்கையை நடுநாயகமாக வைத்து இங்கே ஆராய முற்படுகிறேன்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்வ பால சபையைத் தோற்றுவித்தார், பின்னாளில் டி. கே. எஸ். சகோதரர்கள் என்று புகழ்பெற்றவர்கள் சிறுவர்களாக அதில் சேர்ந்து பயின்றார்கள். பாட்டே பிரதானமாயிருந்த அந்நாடகங்களில் ஆர்மோனியக்காரருக்கு இருந்த ஸ்தானம் பெரிது. பாய்ஸ் கம்பெனிகள் எனப்பட்ட இத்தகைய சிறுவர் நாடகக் குழுக்கள் மறைந்த பின்னரும், மதுரை வட்டாரத்துக் கோயில் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் என்ற பெயரால் அம்மரபு நீடித்ததனால், அவருடைய தொழில் யாதென இன்றும் கண்ணாரக் காணலாம். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும் பபூன் மற்றோர் ஊரிலிருந்தும் தனித்தனியே வந்து, ஒத்திகை என்பதே இல்லாமல் மேடையேறி, விடியும்வரை வள்ளி திருமணத்தை நடத்துவார்கள். ஒருவர் பாடும் கட்டையிலிருந்து, அதாவது சுருதியிலிருந்து, மற்றவர் பாடும் கட்டைக்கு மாறுவதும், வசனம் தர்க்கமாகவும் தர்க்கம் பாட்டாகவும் ஏறும் தருணத்தை முன்னறிந்து சுருதி கொடுப்பதும், நடிகர் அடியொன்றை விட்டுவிட்டால் கேட்போர் அறியாதபடி அந்த இடைவெளியை நிரப்புவதும், மிருதங்கத்தையும் ஆல்ரவுண்ட் என்னும் தாளக்கருவித் தொகுதியை வாசிப்பவரையும் பார்வையினாலும் தலையசைப்பினாலும் தம்மோடு இழுத்துச் செல்வதும் மேடையின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் அந்த ஆர்மோனியக்காரரின் பொறுப்பு. கோல் ஒன்றைத் தவிர நடத்துநருக்குரிய கடமைகள் யாவும் அவரிடம் இருந்தன என்றே நான் கருதுகிறேன்.

இந்தச் சூழலுக்கு அண்மையில், அந்நாளைய மதுரை ஜில்லாவின் மேற்கெல்லையில் மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்தில் 1943-ஆம் ஆண்டு இளையராஜா பிறந்தார். 1996-இல் ஜில்லா பிரிந்த பின் அவ்வூர் தேனியைச் சேர்ந்தது. அவருடைய மூத்த சகோதரர் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் இயக்கத்தின் பாடகர். 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலிலும் அவர் பாட்டு ஒலித்தது. தம்பியர் அவருடன் ஊர் ஊராகச் சென்று வாசித்தனர். இளையராஜாவின் கைக்கு வந்த வாத்தியம் ஆர்மோனியம். கூட்டம் கலையாமல் காக்க வேண்டிய இடத்தில், அண்ணன் அப்போதைக்கப்போது மாற்றும் சொல்லுக்கும் மெட்டுக்கும் உடனுக்குடன் ஈடுகொடுத்த அந்த ஆண்டுகளே அவருக்கு வாய்த்த முதற் கலாசாலை. 1964-இல் நேரு மறைந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கற்பாவுக்கு இளையராஜா இசையமைத்ததும் அண்ணனின் குழுவில் இருந்த காலத்திலேயே.

1960-களின் இறுதியில் சென்னை வந்தவர், மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசையின் எழுத்து முறையையும் இசைவிலக்கணத்தையும் கற்றார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிதார்த் தேர்விலும் தேறினார். கன்னடப் படங்களில் பெயர்பெற்ற ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராகப் பணிபுரிந்தார். அக்காலத்துச் சென்னைக் கூடங்களில் பாடகரும் வாத்தியக்காரரும் ஒரே வேளையில் கூடி, முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் வாசித்துப் பதிவு செய்தார்கள். நூறில் ஒருவர் தவறினாலும் யாவரும் மறுபடி தொடங்க வேண்டும். ஆகவே அங்கே நடத்துநர் இன்றியமையாதவரானார். எம். எஸ். விஸ்வநாதன் ஆர்மோனியத்தில் உதிக்கச் செய்த மெட்டுக்களை வாத்தியங்களுக்குப் பங்கிட்டு நடத்துவதில் ஹென்றி டேனியல், ஜோசப் கிருஷ்ணா போன்றோர் துணைநின்றனர். படைப்பவர் ஒருவர், எழுதி நடத்துபவர் மற்றொருவர் என்ற இந்தப் பிரிவினைதான், நான் அறிந்தவரை, இளையராஜா இசையமைத்து 1976-இல் வெளியான ‘அன்னக்கிளி’க்குப் பிறகு பெரிதும் மாறிற்று.

மெட்டை மட்டுமன்றி, வயலின்களுக்கு உரியதையும் செல்லோவுக்கும் பேஸ் கிதாருக்கும் புல்லாங்குழலுக்கும் உரியதையும் தாமே ஒரே அமர்வில் காகிதத்தில் எழுதி முடிக்கும் வழக்கத்தை இளையராஜா நிலைநாட்டினார். வாத்தியக்காரர் தத்தம் பகுதியைப் படியெடுத்துக்கொண்டு வாசிக்க, டிரம்ஸ் கலைஞர் புருஷோத்தமன் போன்றவர்கள் முன்னின்று தாளம் எண்ணி நடத்தினார்கள். நடிகர் விட்ட அடியை அக்கணமே நிரப்பிய ஆர்மோனியக்காரரின் முன்னறிவு, இங்கே ஏட்டில் முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது. நடத்துபவருக்கு எஞ்சியது அதை வழுவின்றி நிறைவேற்றும் பணி. திரையிசையைக் குறைத்து மதிப்பிடும் பண்டிதர்கள் இந்த மாற்றத்தின் கனத்தை உணராதது வருந்தத்தக்கது.

1986-இல் தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கையாக அவர் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்?’, 1988-இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலுடன் வந்த ‘நத்திங் பட் விண்ட்’ ஆகியவை திரைக்குப் புறத்தே இம்முறையின் விளைச்சல்கள். 1993-இல் லண்டன் ராயல் ஃபில்ஹார்மோனிக் குழுவினர் அவருடைய சிம்பொனியை வாசித்தபோது கோல் பிடித்தவர் ஜான் ஸ்காட், அப்பதிவு வெளிவரவில்லை. ‘திருவாசகம்’ 2005-இல் புடாபெஸ்ட் சிம்பொனிக் குழுவின் வாசிப்பில் வெளிவந்தது. மதுரைக்கு அருகிலுள்ள திருவாதவூரில் பிறந்து பாண்டியனின் அமைச்சராயிருந்த மாணிக்கவாசகரின் வாக்கு, அதே சீமையில் பிறந்தவரின் கையெழுத்தால் டான்யூப் நதிக்கரை வரை சென்றது என்பதை எண்ணும்போது உள்ளம் பூரிக்கிறது. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறிய ‘வேலியன்ட்’ சிம்பொனியை மிக்கெல் டாம்ஸ் நடத்தினார். ஆசியாவில் முதல்வர் என்பன போன்ற பட்டங்களை நாம் விரும்பிச் சூட்டுகிறோம். ஆராய்ச்சிக்கு அவற்றால் பயன் சிறிது. இம்மேடைகளில் கோல் பிறர் கையில் இருந்தும் அதன் ஒவ்வோர் அசைவையும் இளையராஜாவின் ஏடே விதித்தது என்பதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இந்த வரலாற்றின் பிற்பகுதிக்கு இசைத்தட்டுகளும் ஏடுகளும் சான்றாக உள்ளன. முற்பகுதியோ ஸ்பெஷல் நாடகத்தின் ஆர்மோனியக்காரர்களுடைய விரல்களிலும் நினைவிலும் மட்டுமே தங்கியிருக்கிறது. அவர்களுள் மூத்தவர்கள் முதுமை எய்திவிட்டார்கள். பசுமலையிலுள்ள அரசு இசைக் கல்லூரி அவர்களை அழைத்து, ஓரிரவு நாடகத்தை முழுமையாக வாசிக்கச் செய்து, கட்டை மாற்றங்களையும் சைகைகளையும் ஸ்வரக் குறிப்புகளோடு பதிவு செய்து வைக்க வேண்டும். இதைக் காலந்தாழ்த்தாமல் செய்யுமாறு மதுரைவாழ் சங்கீத அபிமானிகளும் கல்லூரியை வற்புறுத்துவார்களாக.