சரளையும் துளைக் கான்கிரீட்டும்: வண்டலூர்க் காட்டுக்கு எந்தப் பாதை?

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா 602 ஹெக்டேரில் காட்டோடு காடாக விரிந்து கிடக்கிறது. உள்ளேயே ஓட்டேரி ஏரி; வலசைப் பறவைகள் வந்து இறங்கும் நீர்நிலை. இத்தகைய இடத்தில் போடும் நடைபாதை கூட்டத்தின் கால்களையும் தாங்க வேண்டும், விழும் மழையையும் மண்ணுக்குள் இறக்க வேண்டும். இதற்கு இறுக்கிய சரளை நல்லதா, துளைக் கான்கிரீட் நல்லதா?

சரளைப் பாதையைப் பார்த்தாலே அது தண்ணீர் குடிக்கும் என்று நம்பிவிடுகிறோம். உண்மை வேறு. கல் நழுவாமல் பிடித்துக்கொள்ள நுண்மண்ணும் கலந்து, நீர் தெளித்து, ரோலர் ஓட்டி இறுக்குகிறார்கள். அந்த நுண்மண்தான் இடைவெளிகளை அடைத்துவிடுகிறது. கனமழையில் பெரும்பகுதி நீர் மேலேயே வழிந்து ஓரத்துக்குப் போகும். நடுவைச் சற்று உயர்த்தி, ஓரத்தில் ஜல்லி நிரப்பிய வாய்க்கால் வெட்டினால்தான் அந்த நீர் நிலத்தில் இறங்கும். சரிவான இடத்திலோ பாதையே அரித்துப்போய் ஏரியில் சேறாகச் சேரும்.

துளைக் கான்கிரீட் இதற்கு நேர்மாறு. பார்க்கக் கட்டாந்தரை, ஆனால் உள்ளே 15 முதல் 25 சதவீதம் வெற்றிடம். மணலே சேர்க்காமல், அல்லது மிகக் குறைவாகச் சேர்த்து, சிறு ஜல்லியைச் சிமென்ட் குழம்பால் ஒட்டவைக்கிறார்கள். புதிதாகப் போட்ட பரப்பில் சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 120 லிட்டர் இறங்குவது சாதாரணம். 2015 டிசம்பர் 1 பெருமழையில் பக்கத்துத் தாம்பரத்தில் ஒரே நாளில் பதிவானது 49 செ.மீ.; சராசரி மணிக்கு 2 செ.மீ. அந்த மழையையும் மேற்பரப்பு எளிதாக விழுங்கியிருக்கும். விழுங்கிய நீரை எங்கே வைப்பது? பொடி இல்லாத ஜல்லியை 30 செ.மீ. ஆழத்துக்குப் பரப்பினால், அதில் 40 சதவீதம் வெற்றிடம் என்றால், 12 செ.மீ. மழைதான் தங்கும். மிச்சத்தை அடிமண் உறிஞ்ச வேண்டும்; முடியாதபோது வழிந்தோட ஒரு வழி வேண்டும். ஆகவே பணத்தைக் கண்ணுக்குத் தெரியாத அந்த அடித்தளத்தில் போடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

வேலையாட்களின் கைப்பழக்கமும் இங்கே முக்கியம். கரண்டியால் பூசி மழமழப்பாக்கிவிட்டால் துளைகள் அத்தனையும் மூடிக்கொள்ளும். நீர் கூடினால் சிமென்ட் கீழே வடிந்து மேல்கல் உதிரும். போட்ட உடனே பாலித்தீன் விரித்து ஏழு நாள் மூடிவைக்க வேண்டும். இதைப் பழகாத ஒப்பந்ததாரரிடம் கொடுப்பதைவிட நல்ல சரளைப் பாதை எவ்வளவோ மேல்.

மரத்தடியில் சரளைக்கே என் ஓட்டு. சருகும் செம்மண் தூசியும் துளைக் கான்கிரீட்டை மெல்ல அடைத்துவிடும். உறிஞ்சு எந்திரத்தாலோ அழுத்த நீராலோ சுத்தம் செய்தாக வேண்டும். வேர் பருத்தால் கான்கிரீட் வெடிக்கும், சரளை சற்று மேடேறி நிற்கும், அவ்வளவுதான். 2016 டிசம்பரில் வர்தா புயல் இந்தப் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. வேரோடு மரம் பெயரும் இடத்தில் நாலு கூடை சரளையும் ஒரு திமிசுக் கட்டையும் பாதையை மீட்டுவிடும். கான்கிரீட்டை வெட்டி ஒட்டினால் ஒட்டு தனியே தெரியும். ஏரிக்கரையிலும், சரிவில்லாத வரை, சரளையே. ஆனால் உதிரிக் கல்லாக விடக்கூடாது. நடக்க நடக்க எழும் நறநற ஒலியில் பறவைகள் எழுந்து பறந்துவிடும்.

நுழைவாயிலிலிருந்து செல்லும் முதன்மைப் பாதைக்குத் துளைக் கான்கிரீட்தான். சக்கர நாற்காலியில் வருபவருக்கும், குழந்தையைத் தள்ளுவண்டியில் கூட்டிவரும் தாய்க்கும் சரளையின் பள்ளங்கள் பெரும் பாடு. அவர்களும் கடைசிக் கூண்டுவரை போய்ப் பார்க்க வேண்டும். சுத்தம் செய்யும் செலவை முதல் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில், 300 மி.மீ. வளையம் ஒன்றைப் பாதையில் பதித்து, அளந்த நீரை ஊற்றி, இறங்கும் நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும். போன ஆண்டைவிட நேரம் வெகுவாகக் கூடியிருந்தால், மழை தொடங்கும் முன்பே துளைகளைச் சுத்தம் செய்ய ஆள் அனுப்பிவிடலாம்.