ஊரக இணையக் கட்டமைப்பு நிதி

வளரும் நாடுகளில் தகவல் தொழில்நுட்பக் கட்டமைப்புக்கான பணத்தை நன்கொடையாகக் கேட்பதைவிடச் சட்டப்படி வசூலிப்பதே பலன் தந்திருக்கிறது. 2005இல் ஜெனீவாவில் தொடங்கிய எண்ணிம ஒற்றுமை நிதியம் அரசு ஒப்பந்தங்களில் 1 விழுக்காட்டை விருப்பப் பங்காகக் கேட்டது. சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. இந்தியாவோ 2002 முதல் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் 5 விழுக்காட்டைக் கட்டாயமாகப் பெறுகிறது. ஊராட்சிகளுக்கு இணையம் தரும் மத்திய அரசுத் திட்டமாக 2011இல் ஒப்புதல் பெற்ற பாரத்நெட்டுக்கு இதுவே ஆதாரம். இத்திட்டத்தின்கீழ் தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழையைக் கொண்டுசெல்லும் பொறுப்பு மாநில அரசு நிறுவனமான டான்ஃபினெட்டுடையது. நெய்வேலிப் பகுதி வளையமாதேவி போன்ற ஊர்களில், சந்தாத் தொகையை மட்டும் நம்பித் தனியார் கேபிள் பதிப்பது அரிது.

இந்தக் கட்டாய வசூலின் சுமை கடைசியில் சந்தாதாரர் தலையில்தான் விழும் என்பார்கள். விழட்டும், நகரத்தாரும் பங்கு கொடுப்பதே இதன் நோக்கம். வலுவான மறுப்பு வேறு: வசூலான பணத்தில் பெரும்பகுதி ஆண்டுக்கணக்கில் செலவாகாமல் கிடந்தது. ஆனால் அது வசூலின் குறையன்று, செயலாக்கத்தின் குறை. எடுத்துக்காட்டாக, போட்டியைச் சுருக்கும் நிபந்தனைகள் இருந்ததால் டான்ஃபினெட்டின் ஒப்பந்தப்புள்ளியே 2020இல் மத்திய அரசின் தலையீட்டால் ரத்தாகி, மீண்டும் கோரப்பட்டது.