நாலு சுவிசேஷம், ஒரு புத்தகம்

எருசலேம் கோயில்ல காசுக்காரர்களோட மேசையை இயேசு கவிழ்த்த கதை நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். அது எப்போ நடந்தது? மத்தேயு, மாற்கு, லூக்கா மூணு பேரும் சிலுவைக்குச் சில நாள் முன்னாடி என்கிறார்கள். யோவானோ இரண்டாம் அதிகாரத்திலேயே சொல்லி முடிச்சுடறார். ரெண்டு தடவை நடந்ததா, இல்ல ஒருத்தர் இடம் மாத்தி வெச்சாரா?

இந்த மாதிரி சிக்கலுக்கு கி.பி. 170 வாக்கில் தாத்தியான் என்பவர் ஒரு வழி பண்ணினார். நாலையும் வெட்டி ஒட்டி ஒரே கதையாக்கிட்டார். பேரு 'தியாத்தெசரோன்', கிரேக்கத்துல 'நாலின் வழியாக'. நம்ம பாஷையில சொன்னா நாலு பிராஞ்சை மெர்ஜ் பண்ணி, கான்ஃப்ளிக்ட் வந்த இடத்துல எல்லாம் தானே முடிவெடுத்துட்டார் :-)

சிரியாக் மொழி பேசிய சபைகள்ல ரொம்ப காலம் இதைத்தான் வாசித்தார்கள். 5ஆம் நூற்றாண்டில் தியோடொரேட் என்ற ஆயர், தன் பகுதியில் இருநூறுக்கும் மேற்பட்ட பிரதிகளைத் திரட்டி ஒதுக்கிட்டு, நாலு சுவிசேஷங்களை வெச்சதா அவரே எழுதியிருக்கார். சுருக்கமா இருக்கேன்னு ஜனங்க வெள்ளந்தியா வெச்சிருந்தாங்களாம். பாட்டன் காலத்துலேர்ந்து காதால கேட்ட புத்தகத்தை ஒருத்தர் வந்து எடுத்துட்டுப் போனா எப்படி இருந்திருக்கும்? இன்னைக்கு மூல வடிவத்துல ஒரு முழுப் பிரதிகூட கிடையாது.

ஆனா ஆயர் பக்கமும் நியாயம் இருக்கு. தாத்தியான் வம்ச வரலாற்றை வெட்டிட்டார்னு அவர் குற்றம் சாட்டுறார். காரணம் அவர் வேற சொல்றார், எனக்குத் தோணுறது இது: யோசேப்போட அப்பா மத்தேயுவில் யாக்கோபு, லூக்காவில் ஏலி. எப்படி ஒட்டுறது? ஒட்டாதது காணாமப் போச்சு.

1537ல் ஓசியாண்டர் என்ற ஜெர்மானிய போதகர் நேரெதிர். ஒரு வரியைக்கூட விடமாட்டேன், வரிசையும் தப்பாது என்றார். யவீருவின் மகள் மாற்குவில் சாகும் தருவாயில் இருக்கிறாள், மத்தேயுவில் அப்பவே இறந்துட்டாள், கதை வர்ற இடமும் வேற. அதனால அந்தப் பெண்ணை ஒரு தடவைக்கு மேல சாகடிச்சு எழுப்ப வேண்டியதாச்சு, பாவம்! (கோபர்நிகஸ் புத்தகத்துக்கு 1543ல், 'இதெல்லாம் நிஜமா இருக்கணும்னு அவசியமில்லை'ங்கிற தொனியில பேர் போடாம முன்னுரை எழுதினவரும் இவரேதான்!)

கடைசியில் கிரீஸ்பாக் 1776ல் ஒட்டுற வேலையையே விட்டுட்டார். முதல் மூணு சுவிசேஷங்களையும் பத்தி பத்தியா பக்கத்துல பக்கத்துல அச்சடிச்சார். அப்படி வெச்சதும் கேள்வியே மாறிப்போச்சு: எப்போ நடந்ததுங்கிறது போய், யாரைப் பார்த்து யார் எழுதினாங்கன்னு. மத்த ரெண்டையும் பார்த்து எழுதினவர் மாற்கு என்றார் கிரீஸ்பாக். இன்னைக்குப் பெரும்பாலான ஆய்வாளர்கள் அப்படியே தலைகீழா, மாற்குதான் முதல் என்கிறார்கள்.