கல்லறைத் திருநாள்

கல்லறைத் திருநாள் அல்லது சகல ஆன்மாக்கள் திருநாள் என்பது, இறந்தோர் அனைவரையும் நினைவுகூர்ந்து கத்தோலிக்கர் நவம்பர் 2 அன்று கடைப்பிடிக்கும் நாளாகும். தூத்துக்குடியை உள்ளடக்கிய முத்துக்குளித்துறைக் கடற்கரை ஊர்களிலும் இது கடைப்பிடிக்கப்படுகின்றது.

வரலாறு

பிரான்சு நாட்டுக் குளூனி மடத்தின் தலைவரான புனித ஒதிலோ, 998ஆம் ஆண்டளவில் தம் மடங்களில் இந்நாளை ஏற்படுத்தினார். பின்னர் இது பிற நாடுகளுக்கும் பரவியது. முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களில் போர்த்துக்கேயர் வழியாகக் கிறித்தவம் தழுவினர். 1542இல் புனித பிரான்சிசு சவேரியார் இங்கு வந்தார்.

மேலைநாடுகளில் பேய் வேடமிட்டுக் கொண்டாடப்படும் ஆலோவீன் (அக்டோபர் 31), அனைத்துப் புனிதர் திருநாளின் (நவம்பர் 1) முந்திய மாலையாகும். கல்லறைத் திருநாள் அதற்கு மறுநாள் வருகின்றது.

வழக்கங்கள்

களை பறித்துக் கல்லறைகளைத் தூய்மை செய்வர். குடும்பத்தினர் மலர் சாத்தி மெழுகுவர்த்தி ஏற்றுவர். குரு செபித்து, தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரிப்பார். பிற நாட்களில் இருட்டியபின் சிறுவர் அஞ்சும் கல்லறைத் தோட்டத்துக்கு அன்று அவர்களும் பெற்றோருடன் செல்வர்.

கடலில் மறைந்தோர்

இத்திருநாள் ஐப்பசியில், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருகின்றது. வங்கக்கடலில் புயல்கள் தோன்றுவதும் இக்காலத்திலேயே. கடலில் மாண்டு உடல் கிடைக்காதவருக்குக் கல்லறை இல்லை. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் கன்னியாகுமரி மாவட்டத்தின் மீனவர் பலர் மாண்டனர். பலரின் உடல்கள் கிடைக்கவில்லை. இந்நாளின் செபம் இறந்தோர் அனைவருக்கும் உரியதாகையால், அத்தகையோரும் அதில் நினைவுகூரப்படுகின்றனர்.