நெற்றியில் வந்த ஒளி

எங்கள் காத்தான்குடியில் வாவியை ஆறு என்றுதான் சொல்வோம். ரபீஉல் அவ்வல் பிறந்தால் ஆற்றங்கரை வீடுகளில் மௌலூது ஓதுவார்கள். அப்படியோர் இரவில்தான், ஆதம் (அலை) நெற்றியில் இருந்த ஒளி தலைமுறை தலைமுறையாக இறங்கி அப்துல்லாவிடம் வந்த கதையை உம்மும்மா எனக்குச் சொன்னா. உமறுப் புலவர் சீறாப்புராணத்தின் தலைமுறைப் படலத்தில் இதையே விரித்துப் பாடியிருக்கிறார்.

"அதெல்லாம் இஸ்ராயீலிய்யாத், விடுங்க காக்கா" என்றார் அண்மையில் ஒரு தம்பி. சரி, யூத நூல்களில் அப்படி என்னதான் இருக்கிறதென்று தேடிப் பார்த்தேன்.

ஒளி இருக்கத்தான் செய்கிறது. ஏனோக்கின் நூலில் (நம்மவர் பலர் இவரை இத்ரீஸ் நபி என்பர்) நூஹ் பிறந்ததும் குழந்தையின் கண்ணொளியில் வீடு முழுக்கச் சூரியனைப் போல் ஒளிர்கிறது. தகப்பன் லாமேக்கு பயந்துபோய், "இது என் பிள்ளையா, வானவரின் பிள்ளையா?" என்று தன் தகப்பனிடம் ஓடுகிறார். இந்தப் பகுதியின் அரமேயத் துண்டுகள் கும்ரான் குகையிலும் கிடைத்துள்ளன. பிந்திய தல்மூதில் அதே வெளிச்சம் மூஸா பிறந்த வீட்டை நிரப்புகிறது. தௌராத்தில் இருவர் பிறப்பிலும் ஒளி இல்லை. மூஸாவின் முகம் ஒளிர்ந்தது சினாய் மலையிலிருந்து இறங்கி வந்தபோதுதான்.

உபாகமத்துக்கு எழுந்த மித்ராஷ் விரிவுரை ஒன்றில் போட்டி நேராகவே நடக்கிறது. "நானே பெரியவன்" என்கிறார் ஆதம். "உன் மகிமை உன்னை விட்டுப் போனது, என் முக ஒளி போகவில்லை" என்கிறார் மூஸா. நூஹிடம், "நீ உன்னை மட்டும் காத்தாய், நான் என் தலைமுறையையும் காத்தேன்" என்கிறார். அங்கே ஒளி வழக்கில் காட்டும் சாட்சி மாதிரி.

சீறாவில் ஆதம், ஷீது, நூஹ், இப்றாஹீம், இஸ்மாயீல் எல்லோரும் ஒளியைச் சுமந்து அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். யாரும் யாரிடமும் வாதாடுவதில்லை. ஆனால் உமறுவிடம் உயர்வு தாழ்வே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். அந்த ஒளி முதலிலிருந்தே நபிகளுடையது, மற்றவர்கள் காவலர்கள்.

புகாரியில் ஒரு சம்பவம் வருகிறது. மதீனாவில் ஒரு முஸ்லிமும் யூதரும் முஹம்மதா மூஸாவா என்று சண்டை போட்டார்கள். முஸ்லிம் கை நீட்டி அறைந்துவிட்டார். வழக்கு வந்ததும் நபி (ஸல்), "மூஸாவைவிட என்னை உயர்த்தாதீர்கள்" என்றார்கள். கியாமத் நாளில் தாம் விழித்துப் பார்க்கும்போது மூஸா அர்ஷின் ஓரத்தைப் பிடித்தபடி நிற்பார் என்றும் சொன்னார்கள்.

அந்தத் தம்பிக்கு இதைச் சொன்னேன். தலைமுறைப் படலத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார், இன்னும் திருப்பித் தரவில்லை.