வழுக்கைத் தலையும் வைத்திய சரித்திரமும்

தலைமயிர் உதிர்வதற்கும் ஒரு சரித்திரமா என்று நகைப்போர் நகைக்கலாம். ஆயினும், இருபத்தைந்து வயது நிரம்புமுன்னரே முன்தலை வெளிக்கக் கண்டு, பெண் பார்க்கச் செல்லும் நாளில் தொப்பியைக் கழற்ற அஞ்சும் வாலிபர்கள் நமது தோட்டங்களிலும் பட்டணங்களிலும் எத்தனை பேர் என்பதை வாசகர்கள் அறிவார்கள். சம்பளத்தில் ஒரு பங்கை மாதந்தோறும் தைலப் புட்டிகளுக்குத் தண்டம் கட்டுவோரையும் அறிவார்கள். இப்பொழுதோ மயிர் நடும் ரண சிகிச்சையை நாடி, சேமிப்பு முழுவதையும் எடுத்துக்கொண்டு பிற தேசங்களுக்கு விமானம் ஏறுவோரும் உளர். இச்சிகிச்சைகள் எங்கே பிறந்தன, அவற்றால் ஆவது யாது, ஆகாதது யாது என்று தெரிந்துகொண்டு செலவழிப்பது நலமன்றோ?

வழுக்கை மனிதனுக்குப் புதிதன்று. எகிப்து தேசத்தில் ஏறத்தாழ கி.மு. 1550ல் எழுதப்பட்டு, ஈபர்ஸ் சுவடி என்று இன்று வழங்கும் வைத்திய நூலிலே, நீர்யானை, முதலை, பாம்பு, பூனை முதலியவற்றின் கொழுப்பைத் தலையில் பூசும்படி ஒரு முறை காணப்படுகிறது. ரோமாபுரியின் ஜூலியஸ் சீசர் பின்மயிரை முன்னுக்கு வாரி வழுக்கையை மறைத்தான் என்றும், எப்பொழுதும் வாகை மாலை சூடிக்கொள்ளும் உரிமையை அதனாலேயே பெரிதும் விரும்பினான் என்றும் அவன் வரலாற்றை எழுதிய சூட்டோனியஸ் கூறுகிறார். நம்மவரோ வழுக்கை விழுந்தால் பணம் சேரும் என்று ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். அது மெய்யாயின், சம்பளத்துக்கு முன்பணம் கேட்டு ஆபீசு வாசலில் நிற்போருள் சிலரை நான் அங்கே காணவே கூடாது! கரிசலாங்கண்ணித் தைலத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. எண்ணெய் மயிரை மினுக்கும், முறியாமல் காக்கும். பரம்பரையாக வரும் வழுக்கையில் சுருங்கிப்போன மயிர்க்காலை அது எழுப்பியதற்குச் சான்று இல்லை என்பதே செய்தி.

உண்மைக் காரணத்தின் ஒரு நுனி கிரேக்க நாட்டிலேயே தட்டுப்பட்டது. விதை நீக்கப்பட்ட ஆடவர்க்கு வழுக்கை விழுவதில்லை என்பது ஹிப்பாகிரட்டீஸ் பெயரால் வழங்கும் வைத்திய வாக்கியங்களுள் ஒன்று. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அவ்வாக்கியத்தைப் படித்தவர்கள் படித்துக்கொண்டே இருந்தார்கள். ஏன் என்று கேட்டவர் அரியர். 1942ல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், அத்தகைய ஆடவர்க்கு ஆண் சுரப்பு நீரைச் செலுத்திப் பார்த்து, குடும்பத்தில் வழுக்கை வழி உள்ளவர்க்கே அதனால் மயிர் உதிரக் கண்டார். ஆகவே வழி மட்டும் இருந்தாலும் போதாது; சுரப்பு நீர் மட்டும் இருந்தாலும் போதாது; இரண்டும் கூடினால்தான் வழுக்கை. அதிகம் யோசிப்பதாலும், இறுகத் தொப்பி அணிவதாலும், தோட்டத்துக் குழாய்த் தண்ணீராலும் இவ்வழுக்கை வருகிறது என்னும் பேச்சுகளுக்கு அன்றே முடிவு ஏற்பட்டிருக்க வேண்டும்.

இனி மயிர் நடும் கலைக்கு வருவோம். இக்கலையை ஆதியில் முறையாக எழுதி வைத்தவர் ஐரோப்பியரும் அல்லர், அமெரிக்கரும் அல்லர். ஜப்பானிய வைத்தியர் ஷோஜி ஒகுடா 1939ல் வெளியிட்ட கட்டுரையே அதற்கு மூலம். அவரிடம் வந்தவர்கள் அழகு தேடி வந்த சீமான்கள் அல்லர். தழும்பேறித் தலையில் மயிர் முளையாதவரும், புருவமோ மீசையோ இழந்தவருமே அவருடைய நோயாளிகள். வட்டமான சிறு குழல் கத்தியினால், மயிர் உள்ள இடத்திலிருந்து தோலை வேரோடு சிறு சிறு வில்லைகளாக எடுத்து, தழும்பில் அதற்கேற்ற துளையிட்டு அவர் பதித்தார். துளை சற்றுச் சிறிதாகவும் வில்லை சற்றுப் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்னும் நுட்பத்தையும் கண்டார். எடுத்த தோல் சுருங்கும், வெட்டிய துளை விரியும் அல்லவா? தச்சு வேலை தெரிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். 1943ல் தமுரா என்னும் மற்றொரு ஜப்பானியர், வில்லையை விட்டு, ஒற்றை ஒற்றை மயிராகவே நட்டுக் காட்டினார்.

அது எத்தகைய காலம் என்பதை நமக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. 1942 முதல் 1945 வரை மலாயாவையும் சிங்கப்பூரையும் ஜப்பானியப் படை ஆண்டது. நம் பாட்டன்மார் கப்பி கிழங்கு உண்டு உயிர் பிடித்ததும், சயாம் மரண ரயில் பாதையில் தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கில் மாண்டதும் அக்காலத்தில்தான். யுத்தம் மனிதரைக் கொன்றதோடு நில்லாமல் அறிவின் வழியையும் அடைத்துவிட்டது. ஜப்பானிய மொழியில் அச்சான அக்கட்டுரைகளை மேல்நாட்டார் பல்லாண்டுகள் அறியவே இல்லை. வெறுக்கத்தக்க ஆட்சி ஒருபுறம் இருக்க, அதே தேசத்தில் ஒரு வைத்தியர் தழும்பேறிய தலைகளுக்கு மயிர் நட்டுக்கொண்டிருந்தார் என்பதையும் சரித்திரம் மறைத்தல் கூடாது.

பின்னர் 1952ல் நியூயார்க் நகரத்தில் நார்மன் ஓரெண்ட்ரிக் என்னும் தோல் வைத்தியர் சாதாரண வழுக்கைக்கு இதனைச் செய்தார். 1959ல் அவர் வெளியிட்ட கட்டுரையின் சாரம், மயிர் தான் பிறந்த இடத்தின் குணத்தை விடாது என்பதே. பிடரியிலும் காதோரத்திலும் உள்ள மயிருக்கு உதிரும் குணம் இல்லை. அதை முன்தலையில் நட்டாலும் அது உதிராமல் வளரும். நாற்றங்கால் எதுவோ அதன் குணமே நாற்றுக்கு. ஆனால் அவர் எடுத்த வில்லை 4 மில்லிமீட்டர் அகலம். ஒவ்வொன்றிலும் கற்றையாக மயிர். நட்ட தலை, தைத்த பொம்மையின் தலை போலத் தோன்றியது. அக்குறை நீங்க இன்னும் நாற்பது ஆண்டுகள் சென்றன. மயிர் இயல்பாகவே ஒன்று முதல் நான்கு வரை கூட்டுக் கூட்டாக முளைக்கிறது என்று ஹெடிங்டன் 1984ல் விளக்க, டெக்சஸ் மாகாணத்து லிம்மர் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் அக்கூட்டுகளைப் பிரித்து நடும் முறையை 1994ல் வெளியிட்டார். தமுரா சென்ற வழிக்கு உலகம் அரை நூற்றாண்டு பிந்தி வந்து சேர்ந்தது.

மருந்துகளின் கதை இன்னும் வியப்பானது. மினாக்சிடில் என்பது அப்ஜான் என்னும் அமெரிக்கக் கம்பெனியின் இரத்தக் கொதிப்பு மாத்திரை. 1979ல் அந்நோய்க்கு அனுமதி பெற்றது. உண்டவர்களுக்குக் கன்னத்திலும் கையிலும் மயிர் அடர்ந்தது. தொல்லை என்று எழுதப்பட்ட பக்க விளைவையே சிலர் பயன் என்று கண்டார்கள். 1988ல் தலையில் பூசும் மருந்தாக அது வெளிவந்தது.

மற்றொன்று பினாஸ்டிரைடு. டொமினிக்கன் குடியரசில் சாலினாஸ் என்னும் ஒதுங்கிய சிற்றூரிலே, பிறக்கும்போது பெண் என்று எண்ணி வளர்க்கப்பட்ட குழந்தைகள் சிலர், ஏறத்தாழப் பன்னிரண்டாம் வயதில் ஆண்களாக உருப்பெற்றார்கள். இம்பராடோ-மெக்கின்லி என்னும் பெண் வைத்தியரும் அவர் குழுவினரும் அவர்களை ஆராய்ந்து 1974ல் வெளியிட்டார்கள். ஆண் சுரப்பு நீரை அதனினும் வலிய மற்றொரு நீராக மாற்றும் நொதிப்பொருள் அவர்களிடம் குறைந்திருந்தது. வளர்ந்தபின் அவர்களுக்குப் பிராஸ்டேட் சுரப்பி பருக்கவில்லை, முன்தலையும் ஏறவில்லை. அவ்வலிய நீரே மயிர்க்காலைச் சுருக்குவது என்று இதனால் துலங்கிற்று. அந்நொதியைத் தடுக்கும் மருந்தை மெர்க் கம்பெனி செய்து, 1992ல் சுரப்பி வீக்கத்துக்கும், 1997ல் 1 மில்லிகிராம் மாத்திரையாக ஆடவர் வழுக்கைக்கும் அனுமதி பெற்றது. அச்சிற்றூராரின் பெயர் எந்தப் புட்டியிலும் அச்சாகவில்லை. இம்மாத்திரையால் ஒரு சிலர்க்கு ஆண்மைக் குறைவும் மனச் சோர்வும் உண்டாவதுண்டு. கருவுற்ற பெண்கள் உடைந்த மாத்திரையைக் கையாலும் தொடலாகாது. ஆண் சிசுவின் உறுப்பு வளர்ச்சி கெடும். பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து அஞ்சலில் வாங்கி விழுங்கும் பொருளன்று இது.

சிகிச்சை செய்துகொண்டோரின் கவலைக்கும் இங்கே விடை உண்டு. முதல் சில நாட்களில் நெற்றி வீங்கும். வீக்கம் கண்ணிமை வரை இறங்கினும் ஒரு வாரத்தில் வடியும். நட்ட இடங்களில் படியும் பொருக்கு ஏறத்தாழப் பத்து நாட்களில் உதிரும். அதைச் சொறிந்து எடுக்கலாகாது. பெருங்கவலை அதன் பின்னரே. இரண்டாம் வாரம் தொடங்கி இரண்டாம் மாதத்துக்குள், நட்ட மயிரில் பெரும்பாகம் கொட்டிவிடும். பணமும் போயிற்று, மயிரும் போயிற்று என்று அப்போது கலங்குபவர் பலர். அந்நேரம் பார்த்துத்தான் தைலக்காரனும் வாசலில் வந்து நிற்கிறான்! கொட்டியது தண்டு மட்டுமே; வேர் தோலுக்குள் உறங்குகிறது. மூன்று நான்கு மாதத்தில் மெல்லிய மயிர் எழும். ஓராண்டு சென்றால்தான் முழுப் பலன் தெரியும். நான்காம் மாதத்தில் தானாக முளைப்பதைத் தைலக்காரன் தன் எண்ணெயின் மகிமை என்று சொல்லிக்கொள்வான்.

நட்டபின் மருந்து எதற்கு என்று கேட்பவர் உளர். நட்டது நிலைக்கும், அதைச் சுற்றி முன்னரே இருந்த மயிர் தன் வழியே உதிர்ந்துகொண்டிருக்கும். மருந்து காப்பது அதையே. நிறுத்தினால் சில மாதங்களில் பலனும் நின்றுவிடும். ஆகவே ரண சிகிச்சையின் செலவோடு பல்லாண்டு மருந்தின் செலவையும் முதலிலேயே கூட்டிப் பார்க்க வேண்டும். அக்காலத்தில் நியூயார்க்கிலும் பிற இடங்களிலும் வில்லை நட்டுக்கொண்ட வாலிபர் சிலர்க்கு, இருபது ஆண்டுகள் சென்றபின், நட்ட கற்றைகள் முன்னே வரிசையாக நிற்க, அவற்றின் பின்னே தலை வெறுமையாயிற்று. அவர்களுக்குக் கொடுக்க அன்று இம்மருந்துகள் இல்லை.