டர்போ காரில் எண்ணெய் ஆவி: 'கேட்ச் கேன்' மாட்டினால் போதுமா?

புனே அருகே சாகண் ஃபோக்ஸ்வாகன் ஆலையில் தயாரான போலோ ஜிடி டிஎஸ்ஐயை வாங்கி, டியூனிங்கில் பூஸ்ட்டை ஏத்தி ஓட்டுபவர்கள் உண்டு. அவர்கள் கவனிக்க வேண்டியது எண்ணெய் ஆவி.

எங்கிருந்து வருகிறது?
எரிந்த வாயு கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கிராங்க்கேஸுக்குள் இறங்கும். இதுதான் 'ப்ளோ-பை'. பிசிவி வால்வு வழியாக இது மறுபடி இன்ஜினுக்கே போகும். பூஸ்ட் கூடினால் ப்ளோ-பையும் கூடும். எண்ணெய்த் துளிகளையும் இழுத்துக்கொண்டு போகும்.

என்ன பாதிப்பு?
டிஎஸ்ஐயில் பெட்ரோல் நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. இன்டேக் வால்வைப் பெட்ரோல் கழுவாது. அதனால் எண்ணெய் அங்கே கரியாகப் படியும்.

கேட்ச் கேன் உதவுமா?
ஆவியைக் குளிர்த்தி எண்ணெயைப் பிடித்து வைக்கும். ஆனால் உள்ளே வலையோ தடுப்போ இருக்கணும். வெறும் டப்பா பிரயோஜனமில்லை. அடிக்கடி காலி செய்யணும். குழாய் அடைத்தால் அழுத்தம் ஏறி ஆயில் சீல் கசியும்.

எது கூடாது?
ஹோஸைக் கழற்றி வெளியே விடாதீர்கள். சூடான எக்ஸாஸ்ட்டில் எண்ணெய் பட்டால் தீப்பிடிக்கலாம், காற்றும் மாசுபடும். தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறான மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 கட்டுப்படுத்துகிறது.

கேன் சீக்கிரமே நிரம்புகிறதா? பெரிய கேன் தேடாதீர்கள். முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள், ரிங் தேய்ந்திருக்கலாம்.